கட்டத்துக்கு நடுவுல ஒரு புள்ளி

வாங்க, வாங்க. கதவைச் சாத்திட்டு வாங்க, ஏசி ஓடுது. வெள்ளகோவில்தானுங்களே? கல்யாணப் பொண்ணோட பெரியம்மா. உள்ள வந்ததுமே கண்டுபிடிச்சுட்டேன் பாருங்க. மதியத்துக்குள்ள வர்றேன்னு காலைல போன்ல சொன்னீங்க, சொன்னபடி வந்துட்டீங்க. இந்தச் சேர்ல உக்காருங்க, இதுதான் சாயற சேரு. பையை அப்படி மேசை மேல வெச்சுருங்க.

ஏனுங்க, குரல் இப்படிக் கம்மிக் கெடக்குது? போன்ல கணீர்னு பேசுனீங்களே. தொண்டை கட்டிக்கிச்சா? இந்தக் காத்து அப்படித்தானுங்க, காங்கயம் பூரா இருமிக்கிட்டுத்தான் இருக்குது. நீங்க பேசவே வேண்டாம், சும்மா சாஞ்சுக்கங்க. பேசறதுக்குத்தான் நான் இருக்கறேனே. வசந்தாமணி பார்லர்னு கேட்டா, அந்த வாயாடி பார்லரான்னு கேட்டுத்தான் வழி சொல்லுவாங்க. மத்தவங்க நூலைப் பல்லுல கடிச்சுக்கிட்டு புருவம் எடுப்பாங்க. எனக்கு அது ஆகாது, பேச முடியாதுல்ல. நான் கழுத்துல சுத்திக்குவேன். வாய் அது பாட்டுக்கு ஓடும், கை இது பாட்டுக்கு ஓடும்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். பொண்ணை எங்கிட்ட அனுப்பலாமா வேண்டாமான்னு பாத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஊருக்குள்ள ஒரு பேச்சு நடக்குது. வசந்தாமணிக்குக் கண்ணு போயிருச்சு, அவகிட்ட முகத்தைக் குடுத்தா மூஞ்சியைக் கெடுத்து அனுப்பிருவான்னு. உங்க காதுலயும் விழுந்திருக்கும், மறைக்க வேண்டாம். அதனாலதான், முதல்ல உங்களுக்குப் புருவம் எடுத்துக் காட்டறேன், அப்புறம் பொண்ணை அனுப்புங்கன்னு நானே சொன்னேன். இந்த ஒரு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுருச்சுன்னா பேசுன வாயெல்லாம் தன்னால மூடிக்கும். இல்லைன்னா நான் ஷட்டரை இழுத்து விட்டுட்டு வீட்டுல உக்காந்துக்க வேண்டியதுதான். அவ்வளவுதானுங்க விஷயம்.

அசையாதீங்க. நெத்தியில ஒரு கை, கண்ணு மேல ஒரு கை வெச்சுத் தோலை இழுத்துப் புடிச்சுக்கங்க. அப்படித்தான். நல்லாப் புடிக்கறீங்க. வலிச்சா சொல்லுங்க.

என்னடா இவ மூஞ்சிய ஒரு பக்கமாத் திருப்பிக்கிட்டு வேலை செய்யறான்னு பாக்கறீங்களா? அது என் பழக்கமுங்க. லைட்டு கூசுது, அதனால கொஞ்சம் ஓரமாப் பாப்பேன். கொக்கு மீனைப் பாக்கற மாதிரி இருக்குதுன்னு ஒருத்தி சொன்னா. சொல்லிட்டுப் போறா.

ஆமா, உங்க கையில வளையல் சத்தமே காணோம்? இவ்வளவு பக்கத்துல கை இருக்குது, கிலுங்குன்னுகூடக் கேக்கல. கழட்டி வெச்சுட்டு வந்தீங்களா? நல்ல காரியம் பண்ணுனீங்க. பார்லருக்கு வர்றவங்க எல்லாரும் உங்களாட்டம் இருந்தா நான் ஏனுங்க இப்படி இருக்கறேன். வளையல் சத்தம் கேட்டாலே எனக்கு இப்பெல்லாம் ஒடம்பு ஒரு மாதிரி ஆகுதுங்க. எனக்கு வந்தது பூராவும் ஒரு வளையலால வந்தது.

சொல்றேன், கேளுங்க. ஊருல நாலு விதமாச் சொல்லுவாங்க, நடந்ததை எங்கிட்டக் கேட்டுக்கிட்டாத்தானே உங்களுக்கும் மனசுல ஒரு திருப்தி.

ஆடி மாசம் நமக்குத் தொழிலே கிடையாதுங்களே. கல்யாணம் இல்ல, காட்சி இல்ல, ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். கோயமுத்தூர்ல ஒரு பார்லரை மூடறாங்கன்னு கேள்விப்பட்டுப் போயி ஒரு லேசர் மெஷினை வாங்கியாந்தேன். முடியும் எடுக்கலாம், பச்சை குத்துனதையும் அழிக்கலாம். மெஷினை வித்த பையன் கூடவே வந்து ஒரு மத்தியானம் சொல்லிக் குடுத்துட்டுப் போனான். ரெண்டு கண்ணாடி குடுத்தான். ஒண்ணு படுத்திருக்கறவங்களுக்கு, கண்ணை முழுசா மூடற மாதிரி. இன்னொண்ணு செய்யறவங்களுக்கு, பச்சைக் கலர்ல. இதைப் போடாம மெஷினைத் தொடவே கூடாதுக்கான்னு சொன்னான். சரிப்பா, சரிப்பான்னேன்.

அப்புறம் வந்தாளுங்க அவ. துளசிமணின்னு பேரு. தேங்காய்க் களத்துல வேலை, கொப்பரைப் பருப்பு காயப்போடறது, வாரறது. இடது முன்னங்கையில உள்பக்கம் நீளமாப் பச்சை குத்தியிருந்தா, செங்கோடன்னு. அது முதல் புருஷன் பேரு. கல்யாணம் ஆன புதுசுல கோயில் தேர் நோம்பிக்குப் போயி குத்திக்கிட்டது. அந்தப் பையன் கிணறு வெட்டப் போன எடத்துல மண்ணு சரிஞ்சு செத்துப்போனான். இவளுக்கு அப்ப வயசே இல்ல. ரொம்ப வருஷம் கழிச்சு அதே களத்துல வேலை செய்யற ஒருத்தர் கட்டிக்கிட்டார். அவரு ஒண்ணும் சொல்றதில்லையாம். அவரோட அம்மாதான், அந்தப் பேரு இருக்கற கையால எனக்குச் சோறு போடாதேன்னு தட்டத்தை நகர்த்தி வெச்சுருமாம். அதுக்காக அழிக்க வந்தா.

கேக்கறப்ப எனக்கும் பாவமாத்தானுங்க இருந்துச்சு. நான் ஒண்ணும் கல்லு மனசுக்காரி இல்ல.

இந்தப் பக்கம் கொஞ்சம் சாயுங்க. ம், போதும். கண்ணுல தண்ணி வருதா? என் விரல்ல ஈரமாப் படுது. பயப்படாதீங்க, த்ரெட்டிங் பண்ணுனா அப்படித்தான் தண்ணி வரும். கொஞ்சம் பொறுத்துக்கங்க.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், வளையல். ரெண்டு கையிலயும் கவரிங் வளையல், புதுசு, பளபளன்னு. கழட்டி வெச்சுரு அம்மிணின்னு சொன்னேன். மாட்டேன்னுட்டா. ஏண்டின்னு கேட்டா அழறா. முதல் புருஷன் செத்தன்னைக்கு ஊர்ப் பொம்பளைங்க நாலு பேரு சேந்து கையைப் புடிச்சுச் சுவத்துல தட்டி வளையலை ஒடைச்சாங்களாம். கண்ணாடி குத்துன தழும்பைக் காட்டுனா. மறுபடியும் போடற பாக்கியம் கெடைச்சிருக்குது, இனி எங்கையால நானாக் கழட்ட மாட்டேன்க்கா, என்னைத் தூக்கிட்டுப் போறப்ப யாராவது கழட்டிக்கட்டும்ன்னா. அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது? சரி, முழங்கை வரைக்கும் மேல தள்ளிக்கோன்னேன். தள்ளிக்கிட்டா.

நானும் பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தானுங்க ஆரம்பிச்சேன். முதல் ரெண்டு எழுத்து கருகருன்னு இருந்துச்சு, தெரிஞ்சுது. அடுத்தது வெளிறிப்போயிருந்துச்சு. பச்சைக் கண்ணாடி வழியாப் பச்சையைப் பாத்தா என்னங்க தெரியும்? ஒண்ணும் தெரியல. கண்ணாடியை நெத்தி மேல ஏத்தி விட்டுக்கிட்டேன். ஒரு நிமிஷம், அந்த எழுத்து முடியற வரைக்கும். இது ஒரு குத்தமா, நீங்களே சொல்லுங்க. பாக்காம எப்படிங்க வேலை செய்யறது? நம்ம வேலையே பாக்கற வேலைதானே.

அந்த நேரம் பாத்து வளையல் சறுக்கிக்கிட்டு எறங்கியிருக்குது. டப்புன்னு ஒரு சத்தம். காதுல கேட்டதா, தலைக்குள்ள கேட்டதான்னு இன்னும் எனக்குத் தெரியல. மூஞ்சிக்கு நேரா போட்டோப் புடிச்ச மாதிரி ஒரு வெளிச்சம். வலி துளிகூட இல்லீங்க. வலிச்சிருந்தாலாவது ஏதோ ஆயிருச்சுன்னு தெரிஞ்சிருக்கும். கண்ணைக் கசக்கிட்டுப் பாக்கறேன், அவ மூஞ்சியில மூக்கைக் காணோம். அந்த எடத்துல செவப்பாப் பொகையாட்டம் ஒண்ணு நிக்குது. கண்ணை இப்படித் திருப்புனா அதுவும் கூடவே வருது.

வளையலைக் கழட்டியிருந்தா இது நடந்திருக்குமா? அதைத்தான் நான் கேக்கறேன். கண்ணாடியப் பத்தி யாரும் பேச வேண்டாம். வளையல் இல்லாம இருந்திருந்தா லேசர் வெளிச்சம் பட்டுத் திரும்பி என் கண்ணுக்கு வர்றதுக்கு எடமே இல்ல. கண்ணைப் பாத்த டாக்டர்கூட முதல்ல அதைத்தான் கேட்டாரு, பளபளன்னு ஏதாவது இருந்துச்சான்னு. ரெண்டாவது கேட்டது கண்ணாடி போட்டிருந்தீங்களான்னு. ரெண்டாவதா என்னத்தைக் கேட்டா நமக்கு என்ன.

டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனது யாருங்கறீங்க? அவளேதான். கோயமுத்தூர் வரைக்கும் பஸ்ல கையைப் புடிச்சுக்கிட்டே வந்தா. வழி பூராவும் அந்த வளையல் என் கைமேல பட்டுக்கிட்டே இருந்துச்சு.

சரி, இந்தப் புருவம் முடிஞ்சுது. அடுத்தது. கையை மாத்திப் புடிச்சுக்கங்க.

ஒண்ணும் பெருசா இல்லீங்க. சின்ன ஓட்டை. வலது கண்ணுக்குள்ள பின்னாடி, நட்ட நடுவுல, ஊசி முனையால குத்துன அளவு. சுத்தியும் எல்லாம் நல்லாத் தெரியும். நீங்க வாசல்ல நின்னப்பவே, நீலச் சேலையில ஒருத்தர் நிக்கறாங்கன்னு தெரிஞ்சுதே. ரோட்டைத் தாண்டறேன், பஸ் வந்தாத் தெரியுது, கீழ விழுந்த நூல்கண்டுகூட ஓரக்கண்ணுல தெரியுது. எதை நேராப் பாக்கறனோ அது மட்டும்தான் இருக்காது.

கட்டங்கட்டமாக் கோடு போட்ட ஒரு அட்டையைக் குடுத்தாரு. ஒரு கண்ணை மூடிக்கிட்டு நடுவுல இருக்கற புள்ளியைப் பாருங்கன்னாரு. எந்தப் புள்ளிங்க டாக்டர்னு கேட்டேன். நடுவுல ஒண்ணு இருக்குதும்மான்னாரு. நடுவுல ஒண்ணுமே இல்லீங்களேன்னேன். கோடெல்லாம் நடுவுல வந்து வளைஞ்சு உள்ள இழுத்துக்கிட்டு இருந்துச்சு, துணியில ஒரு நூலைப் புடிச்சு இழுத்தாச் சுருங்குமே, அதாட்டம். அவ அட்டையை எட்டிப் பாத்துட்டு, பெரிய புள்ளியா இருக்குதுக்கா, கருப்பான்னா. நான் அவளைப் பேச வேண்டாம்னு சொன்னேன்.

அப்பத்தானுங்க இன்னொண்ணும் தெரிஞ்சுது. என்ற இடது கண்ணு பொறந்ததுல இருந்தே மந்தமாம். இத்தனை வருஷமா வலது கண்ணு ஒண்ணேதான் எல்லா வேலையும் செஞ்சுக்கிட்டு இருந்திருக்குது. எனக்கே தெரியாது. அம்மாவுக்கும் தெரியல, வாத்தியாருக்கும் தெரியல. ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டு இந்த ஊருல எத்தனை பொண்ணுகளுக்கு நான் புருவம் எடுத்திருப்பேன். அந்தக் கண்ணுல போயிப் படணுமாங்க? ஏதாவது ஒரு நியாயம் வேண்டாமா?

ஐயோ, இதையெல்லாம் உங்ககிட்டச் சொல்லியிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காதீங்க. கைப்பழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்ல. என் விரலுக்குத் தெரியும் எந்த முடி எங்க இருக்குதுன்னு.

நீங்க சும்மா ம் கொட்டிக்கிட்டு உக்காந்திருக்கறது இதமா இருக்குதுங்க. அதான் வாய் இப்படி ஓடுது. ரெண்டு மாசமா இதை யார்கிட்டயும் நான் வாய்விட்டுச் சொன்னதில்ல. வீட்டுக்காரர் லாரியை எடுத்துக்கிட்டு வடக்க போனா வர்ற நாள் தெரியாது. போன்ல சொன்னா வண்டி ஓட்டற மனுஷன் பதறுவாரு. பொண்ணு பெங்களூர்ல, கைக்கொழந்தைக்காரி. பேரன் போட்டோவை அனுப்பறா. நேராப் பாத்தா மூஞ்சி இல்ல. காதைப் பாத்தா மூஞ்சி கொஞ்சம் தெரியுது. காதைப் பாத்துப் பாத்துத்தான் பேரன் மூஞ்சியைத் தெரிஞ்சுக்கிட்டேன். அப்படியே உன்னாட்டம் இருக்கறான்லன்னு பொண்ணு கேட்டப்ப ஆமா ஆமான்னேன்.

கறுப்பா ஒண்ணும் தெரியறதில்லீங்க, அதுதான் பெரிய தொந்தரவு. கறுப்பாத் தெரிஞ்சா இங்க ஓட்டைன்னு தெரிஞ்சுக்கலாம். பக்கத்துல இருக்கற தோலே அந்த எடத்துலயும் நெரம்பிக்குது. முடியெல்லாம் எடுத்தாச்சு, சுத்தமா இருக்குதுன்னு நெனைப்பேன். தொட்டுப் பாத்தா முள்ளு முள்ளா இருக்கும். போன்ல ஒரு வார்த்தை படிச்சா நடு எழுத்தைக் காணோம், ரெண்டு ஓரம் மட்டும் நிக்குது. ஊசியில நூல் கோத்துக் குடுக்கச் சொல்லிப் பூக்காரம்மாகிட்டப் போறேன், வெயில்ல கண்ணு கூசுதுன்னு பொய் சொல்லிக்கிட்டு.

போன முகூர்த்தத்துக்கு ஒரு பொண்ணுக்கு மேக்கப் போட்டேனுங்க. ஒரு புருவம் ஏறி ஒரு புருவம் எறங்கிப்போச்சுன்னு போட்டோக்காரரு பென்சில் வாங்கித் திருத்துனாராம். அந்தப் பொண்ணு மூஞ்சியே அப்படிக் கோணல், அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? உதட்டுக்கு அரக்குச் செவப்பு கேட்டாளாம், நான் காப்பிப்பொடிக் கலரைப் போட்டுட்டேனாம். இப்பெல்லாம் செவப்பே அப்படித்தானுங்க வருது, மங்கலா. கம்பெனிக்காரன் ஏமாத்தறான். அப்புறம் டீச்சர் ஒருத்தங்க, எதிர்ல வந்து சிரிச்சாங்களாம், நான் கண்டுக்காம போயிட்டேனாம். வசந்தாமணிக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சுன்னு அவங்களும் வர்றதில்ல.

இதையெல்லாம் ஊருக்குள்ள யாரு கெளப்பி விட்டதுங்கறீங்க? அவதான். துளசிமணி. டாக்டர் சொன்னதைப் பக்கத்துல நின்னு கேட்டவ அவ ஒருத்திதானே. வேற யாரு சொல்லியிருக்க முடியும்? களத்துல உக்காந்து பருப்பு நோண்டிக்கிட்டே பேசியிருப்பா. வளையலைக் கழட்ட மாட்டேன்னு என் கண்ணைக் கெடுத்ததும் இல்லாம, பொழைப்பையும் கெடுத்துட்டா. போன் மேல போன் பண்ணுவா. நான் எடுக்கறதே இல்ல. ரெண்டு மூணு தடவை கடை வாசலுக்கு வந்தா, வளையல் சத்தம் ரோட்டுலயே கேட்டுரும், உள்ள தாப்பாப் போட்டுக்குவேன். அவளை ஆயிரம் பேருக்கு நடுவுல நிறுத்துனாலும் எனக்கு அடையாளம் தெரியும். நேர்ல மட்டும் வந்து உக்காரட்டும், கேக்கற கேள்வியில எந்திரிச்சு ஓடணும்.

மறுபடியும் தண்ணி வருது உங்களுக்கு. ரொம்ப மென்மையான தோலு போல. டிஷ்யூ அங்க இருக்குது, தொடைச்சுக்கங்க.

போன வாரம் டாக்டர்கிட்டத் தனியாப் போயிட்டு வந்தேன். சில பேருக்குத் தன்னாலயே மூடிக்குமாம், அதுக்காகப் பாக்கலாம்னு விட்டு வெச்சிருந்தாரு. எனக்கு மூடல. கொஞ்சம் பெருசாகியிருக்குதாம். இனித் தள்ளிப் போடாதீங்கன்னாரு. ஆபரேஷன் பண்ணி உள்ள காத்து மாதிரி ஏதோ அடைச்சு விடுவாங்களாம். அப்புறம் ஒரு வாரம் குப்புறப் படுத்தே இருக்கணும். சாப்பிடறப்பவும் தலை குனிஞ்சபடி, தூங்கறப்பவும் குப்புற. முழுசாப் பழைய பார்வை வரும்னு சொல்ல முடியாது, ஆனா இப்பப் பண்ணுனா ஓரளவுக்கு வரும், நாள் ஆக ஆக ஓட்டையை அடைச்சாலும் பிரயோஜனம் இருக்காதுன்னாரு. நாளன்னைக்கு வியாழக்கிழமை வாங்கன்னு எடம் போட்டுக் குடுத்திருக்காரு.

வியாழக்கிழமை எப்படிங்க போறது? வெள்ளிக்கிழமை உங்க வீட்டு முகூர்த்தம். போகலைன்னு சொல்லப் போறேன். அடுத்த வாரமும் ஒரு கல்யாணத்துக்குக் கேட்டிருக்காங்க. ஆவணி முடியட்டும், பொரட்டாசியில பாத்துக்கலாம். ஒரு வாரம் குப்புறப் படுத்துக் கெடந்தா எனக்கு யாருங்க கஞ்சி குடுப்பா? யாரு கதவைத் தொறப்பா? பொண்ணைக் கூப்பிட்டாக் கொழந்தையை என்ன பண்ணுவா? ஆள் இருந்தா நான் ஏன் போகாம இருக்கறேன்.

பயமா இருக்குதுங்க. ஆபரேஷனுக்கு இல்ல. போயிப் படுத்து எந்திரிச்சும் அந்த அட்டையில புள்ளி தெரியலைன்னா அப்புறம் நான் என்ன வேலைக்குப் போவேன்? இப்பவாவது, இன்னும் பண்ணிக்கல, பண்ணிக்கிட்டாச் சரியாயிரும்னு ஒண்ணு இருக்குது.

சரி, முடிஞ்சுது. பவுடர் போடறேன். இந்தாங்க கண்ணாடி. பாருங்க, எப்படி இருக்குது?

நல்லாருக்குதா? நெஜமாத்தான் சொல்றீங்களா? பாத்தீங்களா, நான் சொன்னேன்ல. ஊருல ஆயிரம் பேசுவாங்க. கொஞ்சம் இருங்க, தொட்டுப் பாத்துக்கறேன், நான் எப்பவும் கடைசியில விரலால ஒரு தடவை ஓட்டிப் பாப்பேன். இந்தப் பக்கம் சரி. இந்தப் பக்கம்...

இங்க ஒரு எடம் வழுவழுன்னு இருக்குதே. புருவத்துக்கு நடுவுல. விரல் அகலத்துக்கு முடியே இல்லீங்களே. முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா? சின்ன வயசுல ஏதாவது காயம்? இருந்திருக்கும். சில பேருக்குத் தழும்பு விழுந்தா மொளைக்காது. ம்னு சொல்லுங்க. இருந்துச்சுதானே?

ஏனுங்க மூஞ்சியைத் திருப்பிக்கறீங்க. நான் எடுத்தனா அதை?

கண்ணாடியில பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னீங்களே.

இருங்க, கோவிச்சுக்காதீங்க. பென்சில்ல சரி பண்ணிக் குடுத்தர்றேன், தெரியவே தெரியாது. பொண்ணுக்கு இப்படி ஆகாது, நான் சத்தியம் பண்றேன். கையைக் குடுங்க, கைக்கு ஒரு மசாஜ் போட்டு விடறேன், சும்மாத்தான், நம்ம வீட்டுக் கல்யாணமாட்டம் நெனைச்சுக்கங்க. ஏன் கையை இழுக்கறீங்க? குடுங்க இப்படி. கை இவ்வளவு காய்ச்சுப்போயிருக்குது. வெள்ளகோவில்ல தோட்ட வேலையெல்லாம் நீங்களே பாப்பீங்களா? முழுக்கை ஜாக்கெட்டு வேற, மேல ஏத்தி விடறேன்.

இது என்ன, முன்னங்கையில. தோலு சுருங்கிக் கெடக்குது, சுட்ட மாதிரி. இதுக்குப் பக்கத்துல புள்ளி புள்ளியா, மேடு மேடா.

எழுத்து.

'டன்'னு இருக்குது.

இதுக்கு முன்னாடி இருந்ததை நான்தான் அழிச்சேன்.

துளசி.

நீயா? நீயா இத்தனை நேரமா உக்காந்திருக்கே? வெள்ளகோவில்ல இருந்தான்னு கேட்டப்பத் தலையை ஆட்டுனியே. ஆட்டலையா? நானா நெனைச்சுக்கிட்டனா? ஒரு அடி தூரத்துல உன் மூஞ்சியை வெச்சுக்கிட்டு, உன்னையவே உங்கிட்ட... நான் பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தே? எந்திரிச்சு ஒரு அறை விட்டிருக்கலாமே. புருவத்தை நான் வழிச்சு எடுக்கறப்பவாவது கையைத் தட்டி விட்டிருக்கலாம்ல. ஏன் பேசாம புடிச்சுக்கிட்டு இருந்தே?

த்ரெட்டிங்குக்கு வர்ற தண்ணின்னு நெனைச்சேன். ஆரம்பத்துல இருந்தே அழுதுக்கிட்டுத்தான் இருந்தியா? எனக்குத் தெரியலைடி. உன் மூஞ்சி அழுவுதா சிரிக்குதான்னுகூட எனக்குத் தெரியல.

குரல் ஏன் இப்படிக் கம்மிக் கெடக்குது? எல்லாம் அழுததுதானா?

என்ன சொல்றே? சத்தமாச் சொல்லு. யார்கிட்டயும் சொல்லலையா? களத்துல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. வீட்டுக்காரர்கிட்டக்கூடவா சொல்லல? அப்புறம் ஊருக்கு எப்படித் தெரிஞ்சுது?

ம்.

ஆமா. அவங்கவங்க மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தே தெரிஞ்சுக்கிட்டிருப்பாங்க. இன்னைக்கு நீ பாத்தியே, அந்த மாதிரி.

துளசி, உன் வளையல் எங்க? ரெண்டு கையும் மொட்டையா இருக்குதே. யாரு கழட்டுனா? வீட்டுல ஏதாவது... அவருக்கு ஒண்ணும் இல்லையே? நல்லாருக்காரா?

நீயாவா கழட்டுனே. எப்ப? கோயமுத்தூர்ல இருந்து வந்த அன்னைக்கு ராத்திரியா? இங்க வந்தப்பெல்லாம் சத்தம் கேட்டுதேடி. ஓ. கழட்டுனதை மாமியா மறுபடி போட்டு விட்டுச்சா. தாலி கட்டுனவன் உசுரோட இருக்கறப்ப இது என்ன கோலம்னு திட்டுச்சா. இன்னைக்கு என் கடைக்கு வர்றதுக்காக மறுபடியும் கழட்டிட்டு வந்தியா? சத்தம் கேட்டா நான் தாப்பாப் போட்டுருவேன்னா?

உன்னை யாரு கழட்டச் சொன்னா? நான்தான் சொன்னேன், சரி. அன்னைக்குச் சொன்னேன். நெத்தி மேல ஏத்தி வெச்சிருந்த பச்சைக் கண்ணாடியை எறக்கி விட்டுட்டு லேசரை அடிச்சிருந்தா வளையல் கெடந்துட்டுப் போகுதுன்னு இருந்திருக்கும். நீ உன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்தே.

பையில என்ன அது, இவ்வளவு பெருசா? துணியா? யாரு துணி? உன்னுதா?

களத்துல லீவு சொல்லிட்டு வந்துட்டே. வியாழக்கிழமைக்கு. ஒரு வாரத்துக்கா? டாக்டர் போட்டுக் குடுத்த நாள் உனக்கு எப்படித் தெரியும்? ஆசுபத்திரிக்கே போன் பண்ணிக் கேட்டியா, என்ன சொல்லிக் கேட்டே? தங்கச்சின்னா?

நான் குப்புறப் படுத்துக் கெடந்தா உனக்குச் சோறு ஊட்டி விடத் தெரியுமா? நான் சும்மா இருக்க மாட்டேன், பேசிக்கிட்டே இருப்பேன். கீழ பாத்துக்கிட்டே பேசுவேன். இன்னைக்குப் பேசுனதைவிட மோசமாக்கூடப் பேசுவேன்.

அழாதே. கண்ணைத் தொடச்சுக்கோ. அந்தப் புருவத்தைத் தேய்க்காதே, எரியும். இரு, கத்தாழை வெச்சு விடறேன். எங்க வெச்சேன்? அந்தப் பச்சை டப்பா. இதுவா? நீயே எடு.

வாசல்ல வளையல் சத்தம் கேக்குது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிக்கறாங்க, செவப்பா என்னமோ சேலை. வெள்ளகோவில்காரங்களாத்தான் இருக்கும். இல்ல, வேற யாராவது இருக்கலாம். நீ போயி யாருன்னு பாத்துச் சொல்லு அம்மிணி. எனக்குத் தெரியல.